விடியற்காலையில் மீன் ஏன் மேலே வருகிறது? மீன் வளர்ப்பில் பணம் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"மொட்டை மாடியில் ஒரு தார்ப்பாய்த் தொட்டி போதும். ஆயிரம் குஞ்சு விடுங்க. ஆறே மாசத்துல லாபம் லட்சத்துல." இந்த மாதிரி ஒரு வீடியோ உங்கள் போனிலும் வந்திருக்கும். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஏதாவது செய்யலாமா என்று யோசிப்பவர்களின் பட்டியலில், ஆடு, காளான் வரிசையில் மீனும் சேர்ந்துவிட்டது.

அந்த வீடியோக்களில் தொட்டி விலை இருக்கும், குஞ்சு விலை இருக்கும், விற்பனை விலையும் இருக்கும். மீனைப் பற்றி மட்டும் ஒன்றும் இருக்காது. அது எப்படி மூச்சு விடுகிறது, எதைச் சாப்பிடுகிறது, கழிவை எங்கே விடுகிறது என்று யாரும் சொல்வதில்லை. ஒரே ராத்திரியில் போட்ட முதல் போவதற்கான காரணம் பெரும்பாலும் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

மீனின் உடலைப் புரிந்துகொண்டால் மீன் வளர்ப்பின் விதிகள் பாதி தானாகவே புரிந்துவிடும். ஒவ்வொரு உறுப்பாகப் பார்க்கலாம்.

முதலில், இது எவ்வளவு பெரிய தொழில்?

1950-51ல் இந்தியாவின் மொத்த மீன் உற்பத்தி 7.52 லட்சம் டன். அதில் கடல் மீன் 5.34 லட்சம் டன். ஆறு, ஏரி, குளம் எல்லாம் சேர்ந்த உள்நாட்டு மீன் வெறும் 2.18 லட்சம் டன்.

2022-23ல் மொத்த உற்பத்தி 175.45 லட்சம் டன். இதில் கடல் மீன் 44.32 லட்சம் டன். உள்நாட்டு மீன் 131.13 லட்சம் டன். அதாவது கடல் மீன் சுமார் 8 மடங்கு கூடியிருக்கிறது, உள்நாட்டு மீன் 60 மடங்கு கூடியிருக்கிறது. ஒரு காலத்தில் 10 கிலோவில் 7 கிலோ கடலிலிருந்து வந்தது. இன்று 4 கிலோவில் 3 கிலோ உள்நாட்டிலிருந்து வருகிறது.

கடலோர மாநிலத்தில் வளர்ந்த நமக்கு மீன் என்றால் வஞ்சிரமும் சங்கராவும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்தியாவின் மீன் கணக்கை இன்று நடத்துவது ஆந்திரம், மேற்கு வங்கம் மாதிரி இடங்களின் குளங்கள். அந்தக் குளங்களின் நாயகர்கள் மூன்று பெருங்கெண்டைகள்: கட்லா, ரோகு, மிர்கால்.

செவுள்: தண்ணீருக்குள் ஒரு நுரையீரல்

மீன் கடையில் செவுளைத் தூக்கி, சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் இல்லையா? அந்தச் சிவப்பு ரத்தத்தின் நிறம். மிக மெல்லிய தோலுக்கு அடியிலேயே ரத்தம் ஓடுவதால்தான் அவ்வளவு பளிச்சென்று தெரிகிறது.

நாம் வாங்கும் பெரும்பாலான மீன்களுக்குத் தலையின் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு செவுள் வளைவுகள் உண்டு. ஒவ்வொன்றிலும் சீப்பின் பற்கள் மாதிரி இழைகள், அந்த இழைகளின் மேல் இன்னும் நுண்ணிய தகடுகள். மீன் வாயால் தண்ணீரை இழுத்து, இந்தத் தகடுகளின் வழியாகத் தள்ளி, செவுள் மூடியின் ஓரமாக வெளியே விடுகிறது. தண்ணீர் ஒரு திசையில் ஓட, தகடுக்குள் ரத்தம் எதிர்த் திசையில் ஓடும். இந்த எதிரோட்டத்தால் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனில் 80 சதவீதம் வரைகூட மீனால் உறிஞ்ச முடிகிறது. நாம் இழுக்கும் மூச்சில் இருக்கும் ஆக்சிஜனில் நம் நுரையீரல் எடுப்பது ஏறக்குறைய கால் பங்குதான்.

இவ்வளவு திறமையான உறுப்பு ஏன் தேவைப்படுகிறது? தண்ணீரில் ஆக்சிஜன் அவ்வளவு குறைவு. ஒரு லிட்டர் காற்றில் 250 மில்லி கிராமுக்கு மேல் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் இயல்பாகக் கரைந்து நிற்பது அதிகபட்சம் சுமார் 7.5 மில்லி கிராம். தண்ணீர் 20 டிகிரியாக இருந்தால் 9 மில்லி கிராம் வரை நிற்கும். சூடு ஏற ஏற, தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. மீனோ குளிர் ரத்தப் பிராணி. தண்ணீர் சூடானால் அதன் உடலும் சூடாகும், ஆக்சிஜன் தேவையும் கூடும். கோடையில் வரவு குறைந்து செலவு கூடும் குடும்பம் மாதிரிதான்.

பொதுவாக லிட்டருக்கு 5 மில்லி கிராமுக்கு மேல் இருந்தால் கெண்டை மீன் நன்றாகத் தின்று வளரும். 3க்குக் கீழே போனால் தீனி எடுப்பது குறையும், நோய் எதிர்ப்பும் குறையும். 1, 2 என்று இறங்கினால் சாவு ஆரம்பம்.

விதிவிலக்கும் உண்டு. விரால் மீனுக்கும் பனையேறிக் கெண்டைக்கும் செவுளுக்கு மேலே காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருக்கிறது. சந்தையில் அரைப் பாத்திரம் தண்ணீரில் விரால் உயிரோடு நெளிவது அதனால்தான். மேலே வரவிடாமல் தடுத்தால் விரால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடும். ஆகவே "விரால் சாகலை, ரோகு மட்டும் ஏன் செத்துச்சு?" என்ற கேள்விக்குப் பதில் உடலமைப்பில் இருக்கிறது.

விடியற்காலை நாலு மணி

குளத்துத் தண்ணீர் ஏன் பச்சையாக இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத பாசி மிதவைகள்தான் காரணம். பகலில் இவை வெயிலை வாங்கி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடும். குளத்துக்கு ஆக்சிஜன் கொடுக்கும் முக்கியத் தொழிற்சாலை இதுதான். பிற்பகலில் ஆக்சிஜன் உச்சத்தில் இருக்கும்.

சூரியன் மறைந்ததும் தொழிற்சாலை மூடிவிடும். ஆனால் பாசியும் சுவாசிக்கும் உயிர்தான். ராத்திரி முழுக்க மீன், பாசி, சேற்றில் இருக்கும் பாக்டீரியா எல்லாம் ஒரே சேமிப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். விடிவதற்குச் சற்று முன் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அப்போதுதான் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீரின் மேற்பரப்பில், காற்றைத் தொடும் மெல்லிய படலத்தில் மட்டும் கொஞ்சம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். அதைத் தேடித்தான் அவை வருகின்றன. புதிதாகக் குளம் எடுத்தவர் "மீன் பசியில் மேலே வருது" என்று தீவனத்தை அள்ளிப் போட்டால், அது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது மாதிரி.

இரண்டு, மூன்று நாள் தொடர்ந்து மேகமூட்டம் என்றால் ஆபத்து இன்னும் அதிகம். பகலில் சேமிப்பே நடந்திருக்காது. ஆந்திரத்துக் குளங்களில் பின்னிரவில் மோட்டார் போட்டுத் தண்ணீரை அடிப்பதும், தண்ணீரைக் கலக்கும் ஏரேட்டர் ஓட்டுவதும் இதனால்தான். மேகமூட்டமான நாளில் தீவனத்தைக் குறைக்க வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும் என்ற விதியும் இங்கிருந்துதான் வருகிறது.

வாய்: ஒரே குளத்தில் மூன்று மாடி

அடுத்த முறை சந்தையில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் வாயைக் கவனியுங்கள்.

கட்லாவின் வாய் பெரியது, மேல்நோக்கித் திறக்கும். அது மேல்மட்டத்தில் மிதக்கும் விலங்கின நுண்ணுயிர்களைத் தின்னும். ரோகுவின் உதடுகள் தடித்து, ஓரத்தில் குஞ்சம் வைத்தது மாதிரி இருக்கும். அது நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடிமட்டத்துக்காரர். சேற்றோரம் மக்கிக் கிடப்பதைத் தின்னும்.

ஒரே வீட்டின் மூன்று மாடிகளில் மூன்று குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சாப்பாட்டுக்கு இன்னொருவர் பெரிதாகப் போட்டி இல்லை. இதோடு வெள்ளிக் கெண்டை, புல் கெண்டை, சாதாக் கெண்டை என்ற வெளிநாட்டு இனங்களையும் சேர்ப்பதுதான் கூட்டு மீன் வளர்ப்பு. புல் கெண்டையின் தொண்டைக்குள் புல்லை அறுக்கும் பற்கள் உண்டு. வெள்ளிக் கெண்டையின் செவுள், நுண்ணிய பாசியையும் வடிகட்டும் சல்லடை. குளத்தின் உணவு எதுவும் வீணாகாமல், ஒரே தண்ணீரில் அதிக எடை எடுக்க முடிவது இப்படித்தான்.

பொதுவாகச் சொல்லப்படும் அளவு: ஐந்து முதல் ஆறரை அடி ஆழமுள்ள குளத்தில் ஏக்கருக்கு 3,000 முதல் 4,000 விரலளவுக் குஞ்சுகள். 10 முதல் 12 மாதம். இதற்கு மேல் நெருக்கினால், செலவை ஆக்சிஜன் கணக்கில் எழுத வேண்டியிருக்கும்.

வயிறு இல்லாத மீனுக்குச் சாப்பாடு போடுவது எப்படி?

கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. தாடையில் பல்லும் கிடையாது. பல் தொண்டையில் இருக்கிறது. அரைத்த உணவு நேராக நீண்ட குடலுக்குப் போகிறது. சேமித்துவைக்க இடம் இல்லாததால், ஒரே நேரத்தில் நிறையப் போட்டால் மீதி குளத்தின் அடியில் போய் மக்கும். மக்குவதற்கும் ஆக்சிஜன் வேண்டும். மீன் தின்னாத தீவனம் மீனின் மூச்சைத் தின்னும்.

ஆந்திரத்தின் கொல்லேரு பகுதி விவசாயிகள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் எடுத்த தவிட்டையும் புண்ணாக்கையும், அடியில் ஓட்டை போட்ட பைகளில் நிரப்பி, குளத்தில் நட்ட மூங்கில்களில் கட்டித் தொங்கவிடுவார்கள். மீன்கள் வந்து முட்டி முட்டித் தின்னும். எவ்வளவு தீர்ந்தது, எவ்வளவு மிச்சம் என்பது பையைத் தூக்கினால் தெரிந்துவிடும். அது ஒரு டேட்டா டேஷ்போர்டு மாதிரிதான்!

ஏன் இவ்வளவு கவனம்? மீன் வளர்ப்பின் நடைமுறைச் செலவில் பாதிக்கு மேல் தீவனம். ஒரு கிலோ மீன் எடை கூட எத்தனை கிலோ தீவனம் ஆகிறது என்பதைத் தீவன மாற்று விகிதம் என்பார்கள். 3,000 கிலோ மீன் எடுப்பவருக்கு அது 1.5ஆக இருந்தால் 4,500 கிலோ தீவனம். 2ஆக இருந்தால் 6,000 கிலோ. தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்தால், அந்த 0.5 வித்தியாசத்தின் விலை 60,000 ரூபாய்.

உள்ளே போனது வெளியே வரும்

செவுளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நாம் புரதக் கழிவை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகிறோம். மீன் அதைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே தண்ணீரில் விட்டுவிடுகிறது. அது மூச்சு விடும் தண்ணீரும் கழிவறையும் ஒன்றுதான்.

அம்மோனியாவுக்கு இரண்டு முகம். ஒன்று அதிகத் தீங்கு இல்லாதது, மற்றது விஷம். எது எவ்வளவு என்பதை முடிவு செய்வது முக்கியமாகத் தண்ணீரின் பி.எச். அளவு. 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமானது 1 சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 என்றால் 7, 8 சதவீதம். பி.எச். 9 என்றால் ஏறக்குறைய 45 சதவீதம். அதே தண்ணீர், அதே மீன், அதே அம்மோனியா. பி.எச். ஏறினால் கதை மாறிவிடும். பி.எச். பார்க்கும் கிட் வாங்காமல் மீன் வளர்க்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

மூளைக்கு அடியில் ஒரு சுரப்பி

இந்தியாவில் ஜூலை 10 தேசிய மீன் விவசாயிகள் தினம். காரணம் ஒரு சின்னஞ்சிறு உறுப்பு.

பெருங்கெண்டைகள் ஓடும் வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய குளத்தில் எவ்வளவு கொழுத்தாலும் அவை தானாக முட்டையிடாது. அதனால் ஒரு காலத்தில் ஆற்றில் வலை விரித்துக் குஞ்சு பிடித்துத்தான் குளத்தில் விட வேண்டியிருந்தது. வந்த குஞ்சில் எது ரோகு, எது களை மீன் என்று தெரியாது.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹீராலால் சவுத்ரியும் கே.எச். அலிகுன்ஹியும் இதற்கு விடை கண்டார்கள். மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு, கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார்கள். உடலுக்கு "வெள்ளம் வந்துவிட்டது" என்று பொய் சொன்னது மாதிரி! இன்று குஞ்சுப் பொரிப்பகங்களில் செயற்கை ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். மேலே பார்த்த 60 மடங்கு வளர்ச்சிக்கு இந்த ஊசி ஒரு முக்கியக் காரணம். புவனேஸ்வரத்தில் இருக்கும் மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், நார்வே நிபுணர்களோடு சேர்ந்து, வேகமாக வளரும் 'ஜயந்தி ரோகு' இனத்தை 1997ல் வெளியிட்டதும் இதன் தொடர்ச்சிதான்.

கொல்லேரு சொல்லும் இரண்டு பாடம்

மீன் உற்பத்தியில் ஆந்திரம்தான் முதலிடம். நாட்டின் உற்பத்தியில் நான்கில் ஒரு பங்குக்கு மேல், இறாலும் சேர்த்து, அங்கிருந்து வருகிறது. கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களுக்கு நடுவில் கொல்லேரு ஏரி. அதைச் சுற்றியுள்ள கைகலூரு, ஆக்கிவீடு, பீமாவரம் பகுதிகளிலிருந்து ஐஸ் போட்ட ரோகுவும் கட்லாவும் லாரியேறி வங்கத்துக்கும் அசாமுக்கும் போகின்றன.

முதல் பாடம் தொழில் சார்ந்தது. அங்கே குஞ்சுகளை முதல் வருடம் நெருக்கமாக, அரைப் பட்டினியாக வளர்த்து, பிறகு விசாலமான குளத்துக்கு மாற்றுவார்கள். இடம் கிடைத்ததும் அவை மளமளவென்று எடை போடும், சாவும் குறையும். ஆனால் நெருக்கம் தன் விலையையும் கேட்கும். மீன் பேன் என்ற ஒட்டுண்ணி அந்தப் பகுதியின் ரோகுவுக்குத் தீராத தொல்லை. மீன் கையில் வழுக்குகிறதே, அந்த வழவழப்புதான் அதன் முதல் கவசம். பேன் கடித்தாலும், முரட்டு வலையில் உரசினாலும் அந்தக் கவசம் கிழியும், கிருமி உள்ளே போகும்.

இரண்டாவது பாடம் பெரியது. குளங்கள் ஏரிக்குள்ளேயே பரவின. 1999ல் 308 சதுர கிலோமீட்டர் பரப்பு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. 2006ல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் 'ஆபரேஷன் கொல்லேரு' என்ற பெயரில் சரணாலயத்துக்குள் இருந்த மீன் குளங்களின் கரைகள் உடைக்கப்பட்டன. கூழைக்கடாவுக்கும் வெள்ளநீருக்கும் உரிய இடத்தில் குளம் வெட்டினால், ஒருநாள் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்க வேண்டும். அங்கே சிறு விவசாயிகளும் அதைக் கொடுத்தார்கள்.

சரி, அந்தத் தார்ப்பாய்த் தொட்டி?

அதன் பெயர் பயோஃபிளாக். இந்த முறையில் வெல்லம் மாதிரியான கார்பன் பொருளைச் சேர்த்து, பாக்டீரியாவை வளர்த்து, அம்மோனியாவை அவற்றின் உடலாகவே மாற்றிவிடுவார்கள். அந்தத் திரளையே மீனும் தின்னும். அறிவியல் உண்மையானது. ஆனால் இப்போது உங்களுக்குச் செவுள் தெரியும், ஆகவே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

10,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 5 மில்லி கிராம் என்றால் மொத்த ஆக்சிஜன் இருப்பு 50 கிராம். அதில் 300 கிலோ மீன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ மீனுக்கு மணிக்கு 200 மில்லி கிராம் என்று குறைவாகவே கணக்கிட்டாலும், மணிக்கு 60 கிராம் வேண்டும். மின்சாரம் போய் காற்று நின்றால், 5லிருந்து 2க்கு இறங்க அரை மணி நேரம் போதும். பாக்டீரியாவின் பங்கை இதில் சேர்க்கவே இல்லை.

ஒரு ஏக்கர் குளம், ஐந்து அடி ஆழம் என்றால் சுமார் 60 லட்சம் லிட்டர். ஆக்சிஜன் இருப்பு 30 கிலோ. அதில் 3,000 கிலோ மீன் இருந்தாலும் மீனுக்கு மட்டும் மணிக்கு 600 கிராம்தான் தேவை. பாசியும் சேறும் இதைவிட அதிகமாக எடுக்கும். ஆனாலும் கணக்கு மணிக்கணக்கில் ஓடும், நிமிடக் கணக்கில் அல்ல. தொட்டியில் ஒரு கன மீட்டருக்கு 30 கிலோ மீன், குளத்தில் அரை கிலோ. இந்த 60 மடங்கு நெருக்கத்தைத்தான் வீடியோக்கள் 'லாபம்' என்று காட்டுகின்றன. அது உண்மையில் ரிஸ்க். குளம் உங்கள் தவறை ஓரளவு மன்னிக்கும். தொட்டி மன்னிக்காது.

பணம் போடும் முன் ஏழு கேள்விகள்

1. ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போனால் யார் எழுந்திருப்பார்? ஜெனரேட்டர் அல்லது பேட்டரி தானாக ஓடுமா? நீங்கள் பெங்களூரில், தொட்டி ஊரில் என்றால் இதுதான் முதல் கேள்வி.

2. கரைந்த ஆக்சிஜன், பி.எச்., அம்மோனியா மூன்றையும் அளக்கக் கருவி இருக்கிறதா? தினமும் எழுதிவைக்க ஆள் இருக்கிறாரா?

3. குஞ்சு எங்கிருந்து? அரசுப் பண்ணையா, பதிவு பெற்ற பொரிப்பகமா?

4. இனம் சட்டப்படி சரியா? ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை உண்டு. கிஃப்ட் திலேப்பியாவுக்கு அனுமதி வேண்டும்.

5. விற்கும் இடம் எது? பிடித்த மீன் காத்திருக்காது. அறுவடைக்குப் பிறகு வியாபாரியைத் தேடினால் விலையை அவர்தான் சொல்வார்.

6. மானியம் இல்லாமலும் கணக்கு நிற்குமா? 2020ல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பத திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. அது முதலீட்டைக் குறைக்கும். செத்த மீனைத் திருப்பித் தராது.

7. முதல் வருடம் முழுவதும் நஷ்டமானாலும் வாடகை, இ.எம்.ஐ. ஓடுமா?

இதில் நான்குக்காவது தெளிவான பதில் இல்லை என்றால், கொஞ்சம் பொறுங்கள். உங்கள் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ பயிற்சி நடக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட நல்லது, ஏற்கெனவே வளர்க்கும் ஒருவரின் குளத்துக்கு விடியற்காலை நாலரை மணிக்குப் போங்கள். மதியம் போனால் எல்லாக் குளமும் அழகாகத்தான் தெரியும்.

அங்கே தண்ணீர் அமைதியாக இருந்தால், அவரிடம் தீவனக் கணக்கைப் பற்றிப் பேசலாம். மீன்கள் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தால், முதலில் மோட்டாரைப் போடச் சொல்லுங்கள்.